ஏணிக்கு விழுந்த ஒரு ஓட்டு

மேஸ்திரிக்கு நான் தரவேண்டியது நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். அவர் நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் ஏணிச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று தோற்றுப்போனார்.

முடிவு வந்த வாரம், கலவை மெஷின் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம ஆளுங்க நாப்பது பேரு ஏணிக்குத்தான் போட்டோம்னு சத்தியம் பண்ணானுங்க. நம்ம பூத்துல எனக்கு விழுந்தது ஒண்ணே ஒண்ணு! என் ஓட்டே பக்கத்துத் தொகுதியில இருக்கு. அப்போ அந்த ஒண்ணு யாரு? சத்தியம் பண்ணாம வேலையைப் பாத்தவன் நீ ஒருத்தன்தான். நீதான்டா!"

"ஆமாண்ணே. உங்க பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சுத்தான் அமுக்கினேன்."

கடன் நோட்டை நீட்டினார். "இந்தா, உன் பேரையும் நீயே படிச்சு அடிச்சிடு."

நாற்பத்தெட்டு வயசில் எழுத்துக் கற்றவன் நான். பெருமையாக அடித்தேன்.

"இன்னொரு கூத்து கேளு" என்று சிரித்தார். "என்னைக் கவுக்க என் பேருக்காரன் ஒருத்தனைக் குடைச் சின்னத்துல நிறுத்தியிருக்காங்க. அவனுக்கும் இங்க ஒரு ஓட்டு! எவனோ ஒரு மடையன் படத்தைப் பாக்காமலே அமுக்கியிருக்கான்."

படம் பார்த்துப் போடுவதெல்லாம் படிக்காதவர்கள் வேலை என்று வரிசையில் நின்ற மனைவியை நக்கலடித்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தேன். அந்த மடையன் நான்தான். நோட்டை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

வீட்டில் மனைவியிடம் தலைகுனிந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு எழுத்தா தெரியும்? ஏணியைப் பாத்தேன், அமுக்கினேன்" என்றாள். "கடன்தான் அடைஞ்சிடுச்சுல்ல, கைகால் கழுவிட்டு வந்து சாப்பிடு."