தர்பூசணி வகுப்பு

கல்லூரியின் ஆறு பிரிவுகளுக்கும் கணக்கில் ஒரே வினாத்தாள். எல்லா வகுப்புகளையும் கேட்டுக்கொண்டிருக்கும் கருவி, ஒரு பிரிவுக்கு மட்டும் நன்றாகப் புரிந்துவிட்ட பாடத்தை வினாத்தாளிலிருந்து நீக்கிவிடும். மற்றவர்களுக்கு அநியாயம் நடக்கக் கூடாதல்லவா.

'சி' பிரிவு ஆசிரியை எஸ்தர், தொகையீடு, அதாவது இன்டெக்ரேஷன், நடத்த அன்று தர்பூசணியோடு வந்தாள். மெல்லிய வில்லைகளாக அறுத்து, ஒவ்வொன்றின் கன அளவையும் கூட்டி, முழுப் பழத்தின் கன அளவைக் காட்டினாள். இவ்வளவு தெளிவாக அவள் ஒருநாளும் நடத்தியதில்லை.

"புரியுதாப்பா?"

"சூப்பரா புரியுது மேடம்," என்ற இர்ஃபான் நோட்டை மூடினான். வகுப்பே மூடியது.

"ஏம்ப்பா மூடுறீங்க?"

"இனிமே இது பரீட்சைக்கு வராதுல்ல மேடம்."

எஸ்தர் கத்தியைத் துடைத்து வைத்தாள். அடுத்த பாடத்தை, வகுப்புக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு வார்த்தையும் விளக்காமல் போர்டில் எழுதினாள்.

பின்னால் நோட்டுகள் திறக்கும் சத்தம் கேட்டது.