ஏழு சிப்பிப் பொத்தான்கள்

"லாண்டரியிலயா போட்டீங்க? அடடா, அந்தச் சட்டையை நீங்களே கையால கிழிச்சிருக்கலாமே தம்பி, கூலியாவது மிச்சமாகியிருக்கும்!"

பின்கட்டுக் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த கீழ்வீட்டுக்காரர், வாளிக்குள்ளிருந்து கையை எடுக்காமலேயே இந்த ஆறுதலைச் சொன்னார்.

மாடிக்குக் குடிவந்து நாலே நாள் ஆன மனிதர் திகைத்து நின்றார். துணி காயப்போட ஒரு கொடி கட்டிக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் அவர் இறங்கி வந்தார். வந்த இடத்தில் சும்மா இருக்காமல், நல்ல சட்டையைக் காலையில் சலவைக்குப் போட்ட கதையையும் சொல்லி மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு இன்டர்வியூ சார். இருக்கிறதுலயே அது ஒண்ணுதான் உருப்படியான சட்டை. வீட்டுல ஆசையா வாங்கிக் குடுத்தது. பொத்தான் எல்லாம் அசல் சிப்பி."

"சிப்பியா?" துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார் கீழ்வீட்டுக்காரர். "மொத்தம் எத்தனை?"

"ஏழு."

"வாங்கும்போது எண்ணிப் பாருங்க. மூணு தேறினா உங்க அதிர்ஷ்டம்."

மாடிவீட்டுக்காரருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. நாளைக்கு இந்த வேலை கிடைத்தால்தான் மாமனார் வீட்டில் விட்டிருக்கும் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிவர முடியும். நாற்பத்திரண்டு வயதில், சட்டை பிளந்துகொண்டு பனியன் தெரிய, ஐந்து பேருக்கு முன்னால் உட்கார்ந்தால் யார் வேலை கொடுப்பார்கள்?

"அங்க என்ன நடக்கும்னு சொல்றேன், கேட்டுக்கோங்க." அவர் கேட்காவிட்டாலும் கீழ்வீட்டுக்காரர் சொல்லத்தான் போகிறார். "உங்க சட்டையை இன்னும் முப்பது சட்டையோட ஒரே டிரம்முல திணிப்பாங்க. நடுவுல எவனோ ஒருத்தனோட ஜீன்ஸ் இருக்கும். அந்தப் பித்தளை ஜிப்பும் உங்க சிப்பியும் முக்கால் மணி நேரம் முட்டிக்கும். தண்ணி கொதிக்கும். பவுடரைக் கண்ணை மூடிக்கிட்டுக் கொட்டுவாங்க. அதுல தப்பிச்ச பொத்தான் மேல பெரிய இஸ்திரியை வெச்சு ஒரே அழுத்து. அவ்வளவுதான், அப்பளம்."

"ரொம்ப விவரமா தெரிஞ்சு வெச்சிருக்கீங்க சார்."

"அவருக்கா தெரியாது?" சமையலறை வாசலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கீழ்வீட்டுக்காரரின் மனைவி சொன்னாள். "கல்யாணமான நாள்ல இருந்து அவரோட சட்டை இந்த வாளியைத் தாண்டி வெளியே போனதில்லை."

"நீ காயைப் பாரு" என்று அவளை அடக்கிவிட்டு, வாளியிலிருந்து தன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "இப்படிப் பண்ணணும். முதல்ல எல்லாப் பொத்தானையும் கழட்டி விட்டுடணும். மாட்டினபடியே ஊறினா நூல் இழுத்துக்கும். சட்டையை உள்பக்கமா திருப்பணும். பச்சைத் தண்ணி, ரெண்டு சொட்டு ஷாம்பூ. பிரஷ் கிட்டவே வரக்கூடாது. பிழியவே கூடாது, துண்டுல சுருட்டி ஒத்தணும். இஸ்திரி போடறப்போ பொத்தானைச் சுத்திப் போகணுமே தவிர மேல ஏறக்கூடாது."

சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பொத்தானையும் கட்டைவிரலால் தடவிக் கழுவினார். பச்சைக் குழந்தைக்குக் காது கழுவிவிடுகிறவர்கூட அவ்வளவு பதமாகக் கழுவ மாட்டார்.

"பொத்தான் உடைஞ்சா அவங்களைக் கேக்க முடியாதா சார்?"

கீழ்வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "தாராளமா கேளுங்க. 'குடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு'ன்னு பதில் வரும். வேலைக்குச் சேர்றவனுக்கு முதல் நாள் சொல்லிக் குடுக்கிற முதல் பாடமே அதுதான். அதுக்கு மேலயும் சத்தம் போட்டீங்கன்னா சீட்டைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுவான். பின்னாடி பொடி எழுத்துல, 'பொத்தான்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல'ன்னு அச்சடிச்சிருக்கும்."

மாடிவீட்டுக்காரர் அவசரமாகப் பையிலிருந்து சீட்டை எடுத்துத் திருப்பினார். படித்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அப்படியே இருக்கு சார். ஒரு எழுத்து மாறலை."

"இருக்காதா பின்னே? ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் அடிக்கிறதுதானே."

"ஒவ்வொரு சட்டையும் தனித்தனியா கையால துவைக்கிறோம்னு பெரிசா போர்டு வெச்சிருந்தாங்களே..."

"யாருதான் வைக்கலை? அதைப் படிச்சு நம்புறதுக்கு உங்களை மாதிரி அப்பாவிங்க இருக்கிற வரைக்கும் அவனுங்க காட்டுல மழைதான்."

மாடிவீட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. அழுதுவிடுவோமோ என்ற வெட்கத்தில் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் உபதேசம் நிற்கவில்லை. கஞ்சி எவ்வளவு போடலாம், ஹேங்கர் மரத்தில் இருக்க வேண்டுமா பிளாஸ்டிக்கில் இருக்கலாமா என்று அது பாட்டுக்கு ஓடியது.

கடைசியில் பொறுக்க முடியாமல் மனைவிதான் குறுக்கிட்டாள். "விடிஞ்சதுல இருந்து ஊர்க்கதை பேசறீங்களே, எந்தக் கடையில போட்டாருன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எந்தக் கடையா இருந்தா என்ன? எல்லாம் ஒரே கூத்துதான்" என்றபடி ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கி முன்பக்கத்தைப் பார்த்தார் கீழ்வீட்டுக்காரர்.

அன்று காலையில் முதன்முறையாக அவர் வாய் மூடியது. முக்காலி ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம் விழ, உள்ளே ஓடி ஸ்கூட்டர் சாவியோடு திரும்பி வந்தார்.

"முழிச்சுக்கிட்டு நிக்காதீங்க தம்பி, வண்டியில ஏறுங்க! பத்து மணியாச்சுன்னா நம்ம கடைப் பசங்க மெஷினைப் போட்டுருவாங்க!"