மோராய் வெளுத்த எண்ணெய்

“நாலு மைலு நடந்து வர ஒனக்கு ஒரு வருசமா மச்சான்?”

அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டான் கருத்தப்பாண்டி. சூரியநெல்லியில் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகை அது. உள்ளே அனல், வெளியே பத்தடியில் ஆள் தெரியாத பனிமூட்டம். இரண்டுக்கும் நடுவில் வாசலிலேயே நின்றான் பிச்சைமணி. கேள்வியில் கோபம் இல்லாததுதான் அவனை அதிகம் வருத்தியது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு ஆறியிருப்பான்.

“ஒன்னையக் கூட்டிட்டு வராம வீட்டுப்படி ஏறாதன்னுட்டா ஒங்க அக்கா” என்றான்.

அக்கா முத்துப்பேச்சி, பிச்சைமணியின் மனைவி. போன வருஷம் வரை மச்சானும் மாப்பிள்ளையும் சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில் ஒரே துரையிடம் வேலை பார்த்தவர்கள். பிச்சைமணி துரையின் குதிரைக்காரன். துரை குதிரையை விற்றுவிட்டுச் சீமையிலிருந்து மோட்டார் சைக்கிள் வரவழைத்தபோது இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தான். அப்புறம் அந்த வண்டியைத் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலையே அவனுக்கு வந்தது. துடைக்கலாம், எண்ணெய் ஊற்றலாம். ஆனால் துரையைத் தவிர யாரும் வண்டியைக் கிளப்பக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

வண்டி நின்றது ஃபேக்டரியை ஒட்டிய கொட்டகையில். ஃபேக்டரி இரைச்சலில் அங்கே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. கொட்டகைக்குக் காவல் கருத்தப்பாண்டி. சாவி ஆளுக்கு ஒன்று.

மார்கழிக் குளிரில் ஒருநாள் பார்த்தால் எஞ்சின் எண்ணெய் மோராக வெளுத்திருந்தது. மாற்றி ஊற்றினார்கள். மறுபடியும் மோர். மூன்றாம் முறை கவனிப்பதற்குள் வளைவில் எஞ்சின் இறுகி நின்று, துரை குப்புற விழுந்து கையை ஒடித்துக்கொண்டார்.

எவனோ எண்ணெயில் தண்ணீர் ஊற்றுகிறான் என்று துரை ஒரே முடிவாக இருந்தார். பிச்சைமணி கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு சாவி கருத்தப்பாண்டியிடம் இருக்கிறது என்பதையும் யாரும் கேட்காமலே சேர்த்துச் சொன்னான். கருத்தப்பாண்டியை விசாரித்தபோது அவன் வாயே திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று அன்றைக்கே தோட்டத்துக் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேற்றினார்கள். துரையின் கையை ஒடித்தவன் என்று பேராகிவிட்டதால் அதற்குப் பிறகு எந்தத் தேயிலைத் தோட்டமும் அவனைச் சேர்க்கவில்லை.

“யாருமே தண்ணி ஊத்தல மாப்ள. எல்லாம் இந்தக் குளிரு பண்ணுன வேலை.”

விறகு தள்ளிய கை நின்றது. “என்ன சொல்ற?”

“பாலக்காட்டுலேருந்து ஒரு மெக்கானிக் வந்தாரு. இந்தக் குளிருல எஞ்சினக் கொஞ்ச நேரம் ஓட்டி, சூடேறதுக்குள்ள நிறுத்துனா உள்ளயே வேர்த்துத் தண்ணி நிக்குமாம். அதுதான் எண்ணெயோட கலக்குதாம். பத்து மைலு ஓட்டிச் சூடேத்துனா ஆவியாப் போயிருமாம்.”

பங்களாவுக்கும் ஃபேக்டரிக்குமாக அரை மைல் அரை மைலாகத் தான் ஓட்டியதுதான் கோளாறு என்று துரை தலையில் அடித்துக்கொண்டாராம். கருத்தப்பாண்டியைக் கூப்பிடு, பழைய வேலையையே கொடுக்கிறேன் என்றாராம். பிச்சைமணி இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

கருத்தப்பாண்டி இன்னொரு விறகை எடுத்து அடுப்பில் வைத்தான். அவன் தலை சடை பிடித்துத் தோளில் கிடந்தது. தாடி நெஞ்சைத் தொட்டது. நல்ல வேலையும் சோறும் இருந்தால் இப்படிக் கிடப்பானா என்று நினைத்துக்கொண்டான் பிச்சைமணி.

“கெளம்பு மாப்ள. போற வழியில இந்த முடியச் செரைச்சிருவம்.”

“இங்க எடுக்கக் கூடாது மச்சான். பழனியிலதான் எறக்கணும். நேந்துக்கிட்டது.”

“எதுக்கு நேந்த?”

கருத்தப்பாண்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “தெனமும் விடியக் கருக்கல்ல நீ கொட்டகையத் தொறந்து உள்ள போவ. நான் கம்பளிக்குள்ள முழிச்சுக்கிட்டுத்தான் கெடப்பேன். குதிரைய வித்த ஆத்திரத்துல நீதான் தண்ணி ஊத்துறன்னு நெனச்சேன். நான் ஒண்டிக்கட்டை. ஒன் வேலை போனா அக்காவும் மூணு புள்ளைகளும் எங்க போகும்? அதான் வாயத் தொறக்கல. ஆனா நீ கற்பூரத்த அணச்சிட்டியே. அந்தப் பொய்ச்சத்தியம் புள்ளைகளத் தொடக் கூடாதுன்னு முருகனுக்கு முடிய நேந்தேன்.”

பிச்சைமணி வாசல் கழியைப் பிடித்துக்கொண்டான்.

“இப்பத்தான் நிம்மதி. நீ ஊத்தலைல்ல, அது போதும்.” ஒரு வருஷத்துக்குப் பிறகு கருத்தப்பாண்டி சிரித்தான். “ஆமா, அப்ப எதுக்கு மச்சான் தெனமும் உள்ள போன?”

குளிரில் குதிரைக்குக் கால் பிடித்துக்கொள்ளாமலிருக்க விடியலில் நாலு நடை நடத்திக் கட்டுவது போல, அந்த எஞ்சினையும் துரைக்குத் தெரியாமல் தினமும் வெற்றிலை மெல்லும் நேரம் ஓடவிட்டு, சூடேறுவதற்குள் நிறுத்தி வைத்தது தான்தான் என்று சொல்லப் பிச்சைமணிக்கு நாக்கு எழவில்லை.