பேர் சொல்லாதவள்

பிச்சாவரத்துச் சதுப்பில் பொன்னுரங்கம் முழங்கால்வரை தில்லை மரமாகிவிட்டான். பற்றை விடத்தான் கடலூரிலிருந்து இங்கே ஒரு சாமியாரிடம் வந்தான். கால் வேராகும்போதுதான் பெண்டாட்டியை விட முடியாதென்று தெரிகிறது. "பொழுது சாயறதுக்குள்ள யாராச்சும் பேர் சொல்லிக் கூப்ட்டா மனுஷன், இல்லன்னா மரம்" என்கிறார் சாமியார். துடுப்புச் சத்தம் நெருங்குகிறது. படகில் அவன் மனைவி இளவரசி. கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் பேரைச் சொன்னதே இல்லை. தண்ணீரின் மேல் மஞ்சள் வெளிச்சம் ஒரு முழத்துக்குச் சுருங்கிவிட்டது. "யோவ்! மரமா நிக்கவா லீவு போட்ட? வாய்யா வூட்டுக்கு!" பட்டை வெடிக்கிறது, சேற்றுக்குள் விரல்கள் அசைகின்றன. "அதெல்லாம் ஒரு பேரா?" என்று கத்துகிறார் சாமியார். "நான் யோவ்னா இந்தாளு மட்டுந்தான் சாமி திரும்பும்" என்கிறாள் இளவரசி. அதற்குள் பொன்னுரங்கம் இடுப்பளவு தண்ணீரில் படகின் விளிம்பைப் பிடித்து, மூச்சு வாங்கச் சிரிக்கிறான்.