நூற்று அறுபத்தொரு பேர் பாஸ்

நூற்று எண்பது பேர் எழுதிய பரீட்சையில் நூற்று அறுபத்தொரு பேர் பாஸ். முதலாண்டு வேதியியலில் இப்படி ஓர் அநியாயம் இதுவரை நடந்ததே இல்லை.

துறைத் தலைவர் முடிவுகளை மூன்று தடவை எண்ணிப் பார்த்தார். வழக்கமாக நாற்பது பேர் தேறினால் பெரிது. மிச்சப் பேர் மறுபடி எழுதுவார்கள், மறுபடி கோட்டை விடுவார்கள். ‘அவர் பாடமா, அப்பப்பா!’ என்று ஊரே மிரளும். இருபது வருஷமாகக் கட்டிக் காத்த அந்தப் பெயருக்கு ஒரே பரீட்சையில் வேட்டு வைத்துவிட்டார்கள்.

“பசங்க படிச்சிருப்பாங்களோ என்னமோ சார்,” என்றார் புதிதாக வந்த விரிவுரையாளர்.

தலைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். படித்தார்களாம்! அமிலத்துக்கும் காரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் ஜன்னல் வழியாகக் காக்காயைப் பார்க்கிற கூட்டம் அது. சந்தேகமே வேண்டாம், பல்கலைக்கழகம் அனுப்பிய கேள்வித்தாள் திருட்டுப் போயிருக்கிறது.

இரண்டே நாளில் துப்பு கிடைத்தது. ஒரு மாணவியின் பையில், எட்டாக மடித்த ஜெராக்ஸ் தாள்கள். கையால் எழுதிய நூறு கேள்விகள். உச்சியில் கொட்டை எழுத்தில், ‘பரம ரகசியம். மனப்பாடம் ஆனதும் கிழித்துவிடவும்.’ விசாரித்தால் வகுப்பு முழுக்க அதே தாள்தான். ஒரு பிள்ளையும் கிழிக்கவில்லை.

கையெழுத்து யாருடையது என்று தலைவர் மூளையைக் கசக்கிக்கொள்ளத் தேவை இருக்கவில்லை. ஆய்வகத்தில் உள்ள ஒவ்வொரு அமில பாட்டிலிலும் அதே கையெழுத்துதான் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வக உதவியாளர் தலைவரின் அறையில் கைகட்டி நின்றார். முப்பது வருஷமாகக் குடுவை கழுவித் தேய்ந்த கைகள். ஓய்வு பெற எட்டு மாதம்தான் பாக்கி. இப்போது வேலை போனால் பென்ஷனும் சேர்ந்து போகும். தலைவருக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த கணம் நூற்று அறுபத்தொன்று ஞாபகம் வந்தது. துறை விசாரணையெல்லாம் இந்தக் குற்றத்துக்குப் போதாது என்று போலீஸையே வரவழைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜெராக்ஸ் தாளை உதவியாளரிடம் காட்டினார்.

“இதைப் பசங்களுக்குக் கொடுத்தது நீதானா?”

“நான்தான் சார்.”

“ஒத்துக்கிட்டான் பாருங்க! எழுதிக்குங்க, எழுதிக்குங்க!” தலைவர் நாற்காலியில் நிலைகொள்ளவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜெராக்ஸ் தாளையும் பரீட்சைக் கேள்வித்தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஆனா பரீட்சைல வந்தது அப்படியே இதுல இல்லையே சார். இதுல இருபது கிராம் உப்புன்னு இருக்கு. பரீட்சைத் தாள்ல முப்பத்தஞ்சு கிராம்.”

“அதுதான் சார் திருட்டு மூளை! நம்பரை மாத்திட்டா மாட்ட மாட்டோம்னு ஒரு நினைப்பு.”

“இவரே யோசிச்சு எழுதியிருப்பாரோ?”

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். “பாட்டில் கழுவுற ஆளா? சார், முதலாண்டுக்குப் பாடப்புத்தகமே எழுதினவன் நான். சொல்றேன் கேளுங்க. இது சாமானியப்பட்ட ஆள் போட்ட கேள்வி இல்ல. ஒவ்வொண்ணும் அளந்து செதுக்கி வச்சிருக்கு. என் சர்வீஸ்ல இந்தப் பரீட்சைக்கு முன்னால இந்த மாதிரி கேள்விங்களை நான் கண்ணால பார்த்ததே இல்ல. இவனுக்குப் பின்னால பெரிய கும்பலே இருக்கு. எங்கேயிருந்து திருடினான்னு கேளுங்க!”

“எங்கேயிருந்து எடுத்தே?”

உதவியாளர் தலைவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “வேணாம் சார். சார் மனசு சங்கடப்படும்.”

“யோவ், சொல்லலைன்னா உள்ள போயிடுவே.”

உதவியாளர் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். “பரீட்சை வந்தாலே புள்ளைங்க லேப்ல வந்து உக்காந்து அழும் சார். பாடத்துக்குக் கடைசியில இருக்கிற பயிற்சிக் கணக்கைப் போட்டுப் பாருங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். ஒண்ணுகூடப் புத்தகத்தைத் தொடலை. அதான் நானே கையால எழுதி, மேல ரகசியம்னு போட்டு, ஒளிச்சு ஒளிச்சுக் கொடுத்தேன். அவ்வளவுதான் சார், விழுந்து விழுந்து படிச்சுச்சுங்க. புரியாததை லேப்ல வந்து செஞ்சே பார்த்துச்சுங்க.”

“எந்தப் புத்தகம்?”

உதவியாளர் தயங்கித் தயங்கி நடந்து, தலைவரின் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தகங்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. எல்லா அட்டையிலும் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். புகைப்படத்துக்குக் கீழே பெயர், பெயருக்குப் பின்னால் நான்கு பட்டங்கள்.

இன்ஸ்பெக்டர் ஒன்றை வாங்கி உறையைக் கிழித்தார். முதல் பாடத்தின் கடைசிப் பக்கம். அடுத்து இரண்டாம் பாடத்தின் கடைசிப் பக்கம். ஜெராக்ஸ் தாளில் விரலை வைத்து ஒவ்வொரு கேள்வியாகச் சரிபார்த்துக்கொண்டே போனார். இருபது கிராம் உப்பும் கிடைத்தது. எழுத்து பிசகாமல் எல்லாமே இருந்தன.

“நீங்க உக்காருங்கண்ணே,” என்று இன்ஸ்பெக்டர் உதவியாளருக்கு நாற்காலியைக் காட்டினார். நோட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டி, பேனா மூடியைக் கழற்றிவிட்டு, தலைவர் பக்கம் திரும்பினார்.

“இப்ப உண்மையைச் சொல்லுங்க சார். இந்தப் புத்தகத்தை எழுதினது யாரு?”