பூ நின்ற இடம்

"ஓடியா சார், ஓடியா! புல்டோசர் அந்த மேட்டைத் தாண்டிச்சின்னா ஒரு பூ மிஞ்சாது!"

செங்கம்மா முன்னால் ஓடினாள். கழுத்தில் கேமரா குதிக்க, ஹேமநாத் பின்னால் ஓடினான்.

காட்டுப்பூக்களைப் படம் எடுப்பதற்கென்றே லீவு போட்டுவிட்டுத் திருப்பதியிலிருந்து கிளம்பி வந்தவன். சத்தியவேடு தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கியதுமே இந்த அம்மாள் மடக்கிவிட்டாள். "யாரும் பாக்காத பூவு காட்டறேன் சார். படம் எடுத்து எம்புள்ளைக்கு அனுப்பறியா?"

அவள் சொன்னது பொய்யில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் காய்ந்த செம்மண்ணும் சீமைக்கருவேல முள்ளும்தான். நடுவே, கோடு கிழித்த மாதிரி, துலுக்கச் சாமந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி. ஒரே வரிசையாக வளைந்து வளைந்து போயின.

"இதெல்லாம் தோட்டத்துப் பூவாச்சே! இந்தப் பொட்டல்ல யாரும்மா வெதைச்சது?"

"வெதைக்கல சார். ஆவணியில வாரி எறைச்சாங்க. கார்த்திகை மழைக்கு மொளைச்சிக்கிச்சி."

"எதுக்கு எறைச்சாங்க?"

"பாடை போன வழி சார் இது."

ஹேமநாத்தின் விரல் கேமராவின் மேலேயே நின்றது.

"எம்புள்ள குவைத்துல இருக்கான். சாவு சேதி போயும் வர முடியல. இன்னிக்கி கம்பெனிக்காரன் தரைய வழிச்சிட்டா, அப்பறம் அவனுக்கு இன்னாத்த காட்டறது? எடு சார், எடு!"

பாவம், புருஷனைப் பறிகொடுத்தவள் போலிருக்கிறது. மண்டியிட்டு மளமளவென்று எடுத்தான்.

"போன்ல வெவரமா சொல்லக் கூடாதா?"

"டெலிபோன் பூத்துல காத்துக் கெடந்து போடறேன். என் கொரலக் கேட்டதும் வச்சிடறான்."

"உங்க மேல கோவமா?"

"பயம்."

எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருத்தி, இவர்களைக் கண்டதும் ஆடுகளைக்கூட அப்படியே விட்டுவிட்டு முள்ளுக்குள் பாய்ந்தாள்.

"யாரும்மா அது? ஏன் ஓடறாங்க?"

"யசோதா. என் ஓரகத்திதான். முன்னெல்லாம் அவ வாயை மூட வைக்க ஊரே கூடணும். இப்ப என்னக் கண்டா ஒரு பேச்சி இல்ல."

புல்டோசரின் உறுமல் நெருங்கியது. டிரைவர் தலையை நீட்டி, நகரச் சொல்லித் தெலுங்கில் கத்தினான்: "ஜருகண்டி! ஜருகண்டி!"

"திருப்பதி மலை மேலதான் இப்படி வெரட்டறாங்கன்னா இங்கயுமா?" என்று முனகியபடி எழுந்து ஓடினான் ஹேமநாத். அவர்கள் கடந்துவந்த பூவெல்லாம் பின்னாலேயே மண்ணோடு மண்ணாகிக் கொண்டிருந்தது.

செங்கம்மா வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தாள்.

"கீழ பாத்து வாங்கம்மா, முள்ளு!"

"கீழ பாத்தா எனக்கு வழி தெரியாது சார். தோ, அந்த மொட்டைப் பனை தலைக்கு நேரா வந்தா சோத்தாங்கைப் பக்கம் திரும்பணும்."

பனை தலைக்கு நேராக வந்தது. பூ வரிசை வலப்பக்கம் திரும்பியது.

ஹேமநாத் கேமராவை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தான். "பொம்பளைங்க தெருமுனையோட நின்னுடுவாங்களே. உங்களுக்கு எப்பிடிம்மா இந்த வழி தெரியும்?"

"நான் வந்தேன் சார்" என்றாள் சாதாரணமாக.

இன்னும் கொஞ்ச தூரம்தான். பொட்டல் நடுவே சட்டென்று பூக்கள் நின்றுவிட்டன. அதற்கப்பால் வெறும் தரை. கடைசி இடத்தில் மட்டும், கூடையோடு கொட்டிய மாதிரி ஒரு பெரிய குவியலாகப் பூத்திருந்தது.

"சுடுகாடு அதோ ஏரிக்கரையிலல்ல தெரியுது? பூ ஏன் இங்கயே நின்னுபோச்சி?"

செங்கம்மா அந்தப் பூக்களுக்கு நடுவே போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கலைந்த மயிரை ஒதுக்கினாள்.

"என்னையும் வச்சி ஒண்ணு எடு சார். அத்தப் பாத்தாதான் எம்புள்ள நம்புவான்."

"ரோல்ல கடைசி ஒண்ணுதாம்மா இருக்கு. இன்னாத்த நம்பணும் அவரு?"

"தூக்கிக்கினு வந்தவங்க பாடையை இங்கதான் தொப்புனு போட்டுட்டு ஓடினாங்க சார்..." அவள் நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தாள். "நான் எழுந்து உக்காந்ததும்."