கம்பளத்துக்கு அடியில்

ஹாலிஃபாக்ஸ் நகரில் கம்பளக் கடை வைத்திருந்த டெஸ்மண்டிடம், கம்பளத்துக்கு அடியில் போடும் விரிப்புகளில் இருப்பதிலேயே தடித்தது வேண்டும் என்று கிளெனிஸ் அம்மையார் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“எதுக்குக் கண்ணு? உங்க வீடு பலகைத் தரை. மரத்துக்குக் காத்து வேணும். சாதா கம்பளி விரிப்பே போதும்.”

“சத்தம் கீழ கேக்கக் கூடாது.”

“நீங்க இருக்கறதே தரைத்தளம். அடியில வெறும் மண்ணு. மண்புழுவுக்கா தூக்கம் கெடப்போகுது?”

கிளெனிஸின் முகம் சிவந்தது. மறதி நோயுற்ற தந்தை வில்பிரட்டை அவர் அதட்டும்போதெல்லாம், சத்தம் பொறுக்காத கீழ்வீட்டார் துடைப்பக் கட்டையால் தங்கள் கூரையை இடிப்பதுபோல், பலகைக்கு அடியிலிருந்து தட்டல் எழும். அதைச் சொன்னால் அதட்டலையும் சொல்ல வேண்டியிருக்கும்.

வியாழனன்று டெஸ்மண்ட் வந்து, ஒரு பலகையைப் பெயர்த்துக் காட்டினார். முழங்கால் ஆழத்தில் காய்ந்த மண் மட்டுமே தெரிந்தது. பிறகு தடித்த ரப்பர் விரிப்பையும் அதன்மேல் கம்பளத்தையும் பொருத்திவிட்டுச் சென்றார்.

மாலையில் தந்தை புதுக் கம்பளத்தின்மேல் தேநீரைக் கொட்டினார்.

“அறிவிருக்கா அப்பா? எத்தனை தடவ சொல்றது?”

கிளெனிஸ் காத்திருந்தார். தட்டல் எழவில்லை. ஆகவே இன்னும் உரக்கக் கத்தினார்; தந்தை அழும்வரை கத்தினார்.

துடைக்கத் துணியெடுத்துத் திரும்பியபோது, தந்தையின் நாற்காலியருகே கம்பளம் ஒரு முஷ்டி அளவுக்கு மேலெழும்பியிருந்தது. வில்பிரட் குனிந்து அதை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்லப்பா,” என்றார் அதனிடம். “அவ கத்தி முடிச்சிட்டா. நீ தூங்கு.”